வாயை மூடிக்கொண்டால் வாடை வராது

என்னைப் போல எழுபதைத் தாண்டியவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் மூக்கு ஒழுங்காக வேலை செய்கிறது? எனக்குப் பால் அடிப்பிடிப்பதைக்கூட மருமகள் கத்தித்தான் தெரிகிறது. டாக்டர் வயசுக்கோளாறு என்கிறார். எனக்கு இந்த மூக்கில் பாதி பிறந்ததிலிருந்தே கிடையாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வாணியம்பாடிப் பக்கம், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் மதிலை ஒட்டிய லைன் வீட்டில் பிறந்தவள் நான். அப்போது வெள்ளைக்காரன் காலம். ரயிலில் போகிறவர்கள் எங்கள் ஊர் வருவதற்கு முன்பே ஜன்னலை இறக்கிவிட்டு, முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் தண்டவாளத்து ஓரம் நின்று அதைப் பார்த்துச் சிரிப்போம். ரயிலில் ஏறினாலே எல்லாருக்கும் சளி பிடித்துவிடும் போலிருக்கிறது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நைனாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடி தளர்ந்ததும் எடுத்து மழிக்க வேண்டும். நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நின்று அவர் கால் நகங்கள் வெந்து தேய்ந்திருந்தன; இருக்கிறதா இல்லையா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். அம்மாவும் பெரியப்பா மகளும் ஆவாரம் பட்டை நறுக்குகிறவர்கள். அந்தப் பட்டைத் தண்ணீரில் கிடந்தால்தான் தோல் பதமாகும். பெரியப்பாவும் பெரியம்மாவும் காலராவில் போன பிறகு அவர்கள் மகள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். எனக்கு அவள் அக்கா. பட்டைச் சாயம் ஏறி அவள் உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி எப்போதும் சிவந்திருக்கும். எங்கள் லைனில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணிச் செலவு மிச்சம் என்று கேலி பேசுவார்கள்.

கடைத்தெருவில் எங்களைக் கண்டால் சிலர் ஒதுங்கி நடப்பார்கள். அது வாடைக்காகவா, வேறொன்றுக்காகவா என்று லைனில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பழி முழுவதையும் வாடையின் தலையிலேயே போட்டார்கள். அதன் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. வாடை என்றால் தேய்த்துக் கழுவலாம். மற்றதைக் கழுவ எந்தக் கடையிலும் சீயக்காய் விற்கவில்லை.

வேலூரில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடம் இருந்தது. அதை நடத்திய துரைசானியம்மாள் வருஷத்துக்கு ஒருமுறை, கோடை முடிகிற சமயம், எங்கள் கோயிலுக்கு வந்து பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார். கோயில் என்றதும் கோபுரத்தைத் தேடாதீர்கள். நாங்கள் வேதக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிறவர்கள்; ஓடு வேய்ந்த நீளக் கொட்டகைதான் எங்கள் கோயில், அதைப் பார்த்துக்கொள்ள உபதேசியார் ஒருவர். என் முறை வருவதற்கு முந்தின வருஷம் அக்காவைத் துரைசானியம்மாள் முன் நிறுத்தினார்கள். லைனிலேயே நன்றாக வாசிப்பவள் அவள்தான். உபதேசியார் மூச்சு வாங்குகிற வசனங்களைக்கூட ஒரே மூச்சில் வாசித்துவிடுவாள். துரைசானியம்மாள் அவளைக் கிட்டே கூப்பிட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஏதோ கேட்டார். பிறகு அவள் தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து, இரவல் வாங்கிய பட்டுப் பாவாடையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பட்டை நறுக்கப் போனாள்.

அந்தக் கைக்குட்டையைப் பற்றித்தான் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பேச்சு.

"வாடதான். வேற இன்னா? அத்தினி அறிவு இருந்தும் வாட அவள கவுத்துடுச்சு" என்பார் நைனா. அடுத்த வருஷம் என் முறை வந்தபோது அவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். "ஈஸ்டர் முடிஞ்சதும் சின்னத உள்ள போட்டுடு. தொரசானி வர்ற வரிக்கும் வெளிய உடாத. இந்தக் காத்தே அவ மேல படக்கூடாது."

"சொந்தக்காரங்க ஊட்டுக்கு அனுப்பலாமே?" என்றாள் அம்மா.

"எந்தச் சொந்தம்? பேர்ணாம்பட்டா, ஆம்பூரா, ராணிப்பேட்டையா? எங்க போனாலும் தோலுதானே?"

அம்மா எழுந்து உள்ளறையைப் பெருக்கப் போனாள்.

எங்கள் வீட்டில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. உள்ளறையில் கேழ்வரகுப் பானைகளும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, களிமண்ணும் சாணமும் குழைத்து, அந்த அறையின் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே குருவி வந்து போகிற சந்தைக்கூட விடவில்லை. தெற்குப் பக்கம் கை அகலத்துக்கு இருந்த சாளரத்தையும் பூசினார். வேலை முடிந்ததும் உள்ளே நின்று மூச்சை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். டேனரி மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு டேனரி வாடையை வெளியே நிறுத்திவிட்டதாக நினைத்த மனிதர் என் நைனா. அன்றைக்கு நானும் அதை நம்பினேன்.

அந்தக் கோடையை நான் இருட்டாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன். விடிவதற்குள் அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போய் சீயக்காய், பயத்தமாவு, வேப்பிலை, பூலாங்கிழங்கு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டுத் தேய்ப்பாள். பிறகு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திச் சாம்பிராணி போடுவாள். வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்கும். வெயில் ஏற ஏற ஓடு சுடும். சாணப் பூச்சு வியர்க்கும், நானும் வியர்ப்பேன். கேழ்வரகுப் பானையில் முதுகை வைத்தால் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும். அதுவும் சூடானதும் அடுத்த பானைக்கு நகர்வேன். அழுதால் அம்மா கதவுக்கு வெளியே நின்று தானும் அழுவாள், ஆனால் திறக்க மாட்டாள். ஒருநாள் உபதேசியார் வந்து முன்னறையில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இன்னாது, ரோமன் கோயில் மாதிரி வாசன அடிக்குது? யாரு மதம் மாறினது?" என்றார். எங்கள் கோயிலில் சாம்பிராணி வழக்கமில்லை; அம்மா, கொசுவுக்குப் புகை போட்டேன் என்று சமாளித்தாள்.

தொட்டியில் கிடக்கிற தோலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பது போல என்னையும் தினம் பதம் பார்த்தார்கள். நைனா வேலை முடிந்து, பாலாற்று ஊற்றில் குளித்துவிட்டு வந்து, என் உச்சந்தலையை முகர்வார்.

"ஒண்ணும் தெரிலியே."

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?" என்பாள் அம்மா.

அவள் முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. லைனில் யாரைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். எங்கள் எல்லாருடைய மூக்கும் ஒரே தொட்டியில் செத்தவை. வாடை போய்விட்டதா, இருக்கிறதா என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு மூக்கு இல்லை.

வெளியிலிருந்து வருவதை அடைத்தாகிவிட்டது. உள்ளுக்குள் இருக்கும் வாடை? அதற்கும் அம்மா வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். டேனரியில் தொட்டி வாய்க்குக் கீற்றுப் பாய் போட்டு மூடினால் நெடி அடங்கும். மனுஷ வயிறும் ஒரு தொட்டிதானே, வாயைத் திறந்தால்தானே வாடை வெளியே வரும்? "தொரசானி முன்னாடி வாயத் தொறக்காத. ஆமான்னா தல ஆட்டு. இல்லன்னா ரெண்டு பக்கம் ஆட்டு. வாய மூடிகினா வாட வராது" என்று தினமும் பழக்கினாள். பழகிப் பழகி, பிறகு யாரும் இல்லாதபோதும் நான் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். என் வயிற்றுக்குள் ஏதோ செத்துக் கிடப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

ஒருநாள் அம்மாவின் கொண்டை ஊசி தரையில் கிடந்தது. அதை வைத்துத் தெற்குச் சுவரின் பூச்சைக் குடைந்தேன். கண் வைக்கிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதில் ஏலகிரி தெரிந்தது. வெளியே இருந்தபோது அந்த மலையை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்; அது பாட்டுக்கு நின்றது, நான் பாட்டுக்கு விளையாடினேன். இப்போது அது ஒன்றுதான் பார்க்கக் கிடைத்தது. அதற்கு அந்தப் பக்கம் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறைக்கு வெளியே மதில், மதிலுக்கு வெளியே மலை. ஒன்றைவிட ஒன்று பெரிய சுவர், அவ்வளவுதான்.

மத்தியான இடைவேளையில் அக்கா அந்த ஓட்டைக்கு வெளியே வந்து உட்காருவாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. அவள்மேல் வாடை ஜாஸ்தி என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டபோது அக்கா முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஓட்டை வழியாகப் புளியங்கொட்டையோ ஆவாரம்பூவோ தள்ளுவாள். அவள் சிவந்த விரல் நுனி மட்டும் தெரியும்.

"அக்கா, பயமா இருக்கு. நான் நிக்கும்போதும் கைக்குட்டய எடுத்தாங்கன்னா?"

அவள் விரல் நுனி ஓட்டையிலிருந்து பின்வாங்கியது. பிறகு, "நான் வாயே தொறக்கலடி. சித்தி சொன்ன மாதிரியே இறுக்கி மூடிகினு நின்னேன். அப்பிடியும் எப்பிடியோ வெளிய வந்துடுச்சு" என்றாள்.

துரைசானியம்மாள் வரும் நாள் நெருங்க, அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. வாரச் சந்தைக்கு ஏலகிரியிலிருந்து ஒரு மலைக்காரம்மா பலாப்பழம் சுமந்துகொண்டு இறங்குவாள். எங்கள் லைனைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். அவள் மூக்கு உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அம்மா அவளை வழிமறித்துக் கூட்டிவந்தாள்.

"பழம் அப்பறம் வாங்கறேன். எம் பொண்ண கொஞ்சம் மோந்து பாரும்மா."

"மோந்து பாக்கறதா? இது இன்னா பூவா?"

அம்மா கெஞ்சினாள். மலைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளறைக்கு வந்து, என் தலையையும் கழுத்தையும் முகர்ந்தாள்.

"வருது" என்றாள்.

"ஜாஸ்தியா, கம்மியா?"

"அத நிறுத்துப் பாக்க நான் தராசா கொண்டாந்தேன்? வருது."

அம்மா முன்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ, எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளியாளிடம் வாயைத் திறந்தேன்.

"மலை மேலேர்ந்து பாத்தா எங்க வீடு தெரியுமா?"

"ஊடா? ஊரே தெரியாது. சுண்ணாம்பு சிந்தினாப்ல வெள்ளையா ஒரு திட்டு தெரியும். அதுக்கப்பால ஆறு. அதுக்கப்பால மலை. அதுக்கப்பாலயும் மலை."

"வாட?"

"வாட எங்க மேல ஏறுது? பாதி மலையிலயே நின்னுடும்."

நான் அசந்துபோனேன். வாடை வராத இடம் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் என் ஓட்டைக்கு நேர் எதிரே, நான் சுவர் என்று நினைத்த மலையின் தலையில். வெகுநாள் கழித்து நர்ஸ் வேலையிலிருந்தபோது அந்த மலை மேல் ஏறிப் போய்ப் பார்த்தேன். மலைக்காரம்மா சொன்னதில் பாதி பொய். வடக்கிலிருந்து காற்றடித்தால் லேசாக வரத்தான் செய்கிறது என்று கூட வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பொய் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது.

கூடையைத் தூக்க அவள் குனிந்தபோது நான் சொன்னேன்: "உம்மேலயும் வாட வருது."

"எம்மேலயா? இன்னா வாட?"

"ஆடு. அடுப்புப் புகை. பலாப்பழம்."

அவள் கையை முகர்ந்தாள். முந்தானையை முகர்ந்தாள். "ஒண்ணும் வர்லியே" என்றாள், கொஞ்சம் கோபமாக. மறுபடி முகர்ந்தாள். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்து, சிரிப்புத் தாங்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி வருசமா சந்தைக்கு வர்றேன், ஒருத்தன் சொல்லலயே!" வெற்றிலைக் காவி ஏறிய வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் அவ்வளவு திறந்தும் ஆட்டு வாடை கூடவில்லை. இவளை யாரும் அறைக்குள் போட்டுப் பூட்டவில்லை. ஆட்டு வாடையோடேயே போய்ச் சந்தையில் தொண்டை கிழியப் பேரம் பேசிவிட்டு வருகிறாள்.

துரைசானியம்மாள் வரும் நாளன்று அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். டேனரி முதலாளி சாயபு வீட்டு பீபியம்மா இரக்கப்பட்டு, முந்தின வருஷம் அக்காவுக்குக் கொடுத்த மாதிரியே, பஞ்சில் தோய்த்த அத்தர் கொடுத்திருந்தார். "வருது" என்ற அந்த ஒரு சொல்லில் பயந்துபோயிருந்த அம்மா, பஞ்சைப் பிழிந்து காது, கழுத்து, ஜடை என்று ஓர் இடம் விடாமல் பூசினாள். கோயிலுக்கு நடந்தபோது வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. அக்கா பின்னாலேயே வந்து கோயில் வாசலோடு நின்றுகொண்டாள்.

துரைசானியம்மாள் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் உபதேசியார். நான் கிட்டே போனதும் அம்மையாரின் கை கைக்குட்டைக்குப் போனது. மூக்கில் வைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் அம்மா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

"உன் பெயர் என்ன, பிள்ளாய்?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அவர் இன்னும் ஏதோ கேட்டுப் பார்த்துவிட்டு உபதேசியாரிடம் திரும்பினார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. "ஐயா, இந்தப் பிள்ளைக்கும் பேச்சு வராதா? சென்ற வருஷம் இதே வீட்டிலிருந்து வந்த பெண்ணும் பாவம், ஊமையாக இருந்தாளே?"

"ஊமையா?" என்றார் உபதேசியார். போன வருஷம் அவர் வெளியே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அவர் மேலே பேசுவதற்குள், துரைசானியம்மாளின் கை என் தலையைத் தடவ நீண்டது. அக்காவின் தலையைத் தடவிய அதே கை. இந்தக் கை தொட்டுவிட்டால் நான் மறுபடி அந்த அறைக்கே போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாடை வந்தால் வரட்டும். மலைக்காரம்மாவின் சிரித்த வாய் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன்.

"ஊமை இல்ல! எங்க அக்காவும் ஊமை இல்ல. வாட வரும்னு வாய மூடிகினோம்."

"என்ன வாடை?"

"தோல் வாட. அதானே கைக்குட்ட வெச்சிருக்கீங்க?"

துரைசானியம்மாள் கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அத்தர்" என்றார் மெதுவாக. "அத்தர் வாசனை பட்டால் எனக்குத் தலைவலி வரும். சென்ற வருஷமும் வந்தது. தோல் வாடை ஊர் முழுக்க இருக்கிறதே, அதற்கு நீ என்ன செய்வாய்?"

அவர் என் பெயரை மறுபடி கேட்டார். சொன்னேன். என்ன தெரியும் என்றார். அந்தக் கோடை முழுக்க அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. ஓட்டையைப் பற்றிச் சொன்னேன், மலையைப் பற்றிச் சொன்னேன், மேலிருந்து பார்த்தால் நாங்கள் வெறும் வெள்ளைத் திட்டுதான், அதற்கப்பால் ஆறு, அதற்கப்பால் மலை, அதற்கப்பாலும் மலை என்றேன். உபதேசியார் போதும் போதும் என்று கையைக் காட்டினார். துரைசானியம்மாள் நிறுத்தச் சொல்லவில்லை. என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அம்மா வாசலுக்கு ஓடினாள். அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து நிறுத்தினாள். "இவளையும் சேத்துக்கோங்கம்மா. இவ இன்னும் நல்லா படிப்பா." துரைசானியம்மாள் அக்காவின் சிவந்த கையையும் தாவணியையும் பார்த்தார். அந்த ஒரு வருஷத்துக்குள் அக்கா பெரிய மனுஷியாகி, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் ஒருவருக்குப் பேசி முடித்திருந்தது. முதல் வகுப்பில் இந்த வயசுக்கு இடமில்லையே என்றார் அம்மையார். போன வருஷம் என்றால் சேர்த்திருப்பேன் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வழியெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "நான்தாண்டி மூடச் சொன்னேன். நான்தாண்டி." நைனா செய்தியைக் கேட்டதும் கடப்பாரையை எடுத்து உள்ளறைப் பூச்சை எல்லாம் இடித்துத் தள்ளினார். குருவிச் சந்து மறுபடி திறந்தது. அம்மா அப்போதும் அழுதுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் நானும் அக்காவும் வெளியே, டேனரி மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். இப்போது அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தடை இல்லை. அவள் தோளில் சாய்ந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"உன்ன இன்னா கேட்டாங்க, மொதல்ல?" என்றாள் அக்கா.

"பேரு இன்னான்னு கேட்டாங்க."

"எங்கிட்டயும் அதான் கேட்டாங்க."

வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டியிருந்த பட்டைத் தூளைத் தட்டிவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்று, தன் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரைச் சொன்னாள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் தொட்டியில் நின்ற யாரோ குரல் கொடுத்தார்கள். "யாரும்மே அது? இன்னா வோணும்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. "சும்மா சொல்லிப் பாத்தேன்."